கப்பல், கடாரம், அப்புறம் என் மின்னூல் கருவி

வியாழன் இரவு, சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியாச்சு

அறை சின்னது. ஜன்னல் கிடையாது, ஜன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைவு என்பதால் அதைத்தான் எடுத்தோம். கீழே இரண்டு படுக்கை, கூரையிலிருந்து இறங்கும் இரண்டு படுக்கை, விளக்கை அணைத்துவிட்டால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டு. மேல் படுக்கையில் பையன் தூங்கிவிட்டான், எதிரே அத்தை (மாமியார்தான், கும்பகோணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருக்கிறார்) லேசாகக் குறட்டை. நான் இதைக் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன், கரையோரம் சிக்னல் கிடைக்கும்போது பதிவேற்றிவிடுவேன்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, அங்கிருந்து புக்கெட், ஒரு நாள் முழுக்கக் கடல், திரும்ப சிங்கப்பூர். இந்த வழித்தடத்தில் போய்வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு, கப்பலில் என்ன சாப்பாடு, எந்த மாடியில் நீச்சல்குளம் என்றெல்லாம் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது வேறு. கப்பலில் வாசிப்பது பற்றி. அதிலும் தமிழில், மின்னூல் கருவியில்.

முதலில் இணையம். கப்பலில் வைஃபை உண்டு, ஆனால் ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் பினாங்கில் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடலாம் என்று வந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கிளம்பியதும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கரையிலிருந்து விலகியதும் கப்பலின் செயற்கைக்கோள் வழி அலைபேசி இணைப்பைக் கைப்பேசி தானாகப் பிடித்துக்கொள்ளும், அதன் கட்டணம் சாதாரண ரோமிங் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு ஏறும். இந்த நிலையில் கையில் ஒரு மின்னூல் கருவி இருந்தால் அதற்கு இணையமே வேண்டாம், மின்சாரமும் கிட்டத்தட்ட வேண்டாம். மின்மையில் (இ-இங்க், இந்தக் கருவிகளின் காகிதம் மாதிரியான திரை) எழுத்து ஒருமுறை திரையில் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்படியே நிற்கும், பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும் (முன்விளக்கு எரிவது தனிக் கணக்கு). அறையில் இருக்கும் ஒன்றிரண்டு மின்செருகிகளுக்கு நான்கு பேர் அடித்துக்கொள்ளும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வந்து பார்த்தால்தான் புரியும்.

ஆனால் வேலையெல்லாம் கரையிலேயே முடிந்திருக்கணும். ஆங்கிலப் புத்தகம் என்றால் வாங்கினோமா இறக்கினோமா என்று முடிந்துவிடும். தமிழுக்குக் கொஞ்சம் மெனக்கெடணும். மதுரைத் திட்டத்திலிருந்து (1998 பொங்கலன்று ஆரம்பித்தது, பழைய இலக்கியம் தேடுபவர்களுக்கு இன்றும் அதுதான் முதல் வாசல்) எடுத்தால் சில நூல்கள் பெரிய தாள் அளவு பிடிஎஃப்பாகத்தான் கிடைக்கும், அதை அப்படியே கருவியில் போட்டால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் தெரியும், பெரிதாக்கினால் வரி வெளியே ஓடும். அதனால் இணையப் பக்கமாக இருப்பதை எடுத்து இபப் கோப்பாக (EPUB, திரை அளவுக்கும் எழுத்தளவுக்கும் ஏற்ப வரி மடங்கும் மின்னூல் வடிவம்) மாற்றிக்கொண்டேன். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இந்தத் தொல்லை இல்லை, 2013 முதல் அவர்கள் இபப்போடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள், தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டத் தெரியாத பழைய கருவிகளுக்கு அதுதான் கைகொடுக்கும். மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் திறந்து நடுவில் ஒரு பக்கம் பார்த்துவிடணும், கொம்பும் காலும் தனித்தனியாகத் தொங்குகிறதா என்று. முதல் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது.

வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். "என்கிட்ட நாற்பது புத்தகம் இருக்கு" என்றார். இன்று மாலை கப்பல் கிளம்பியதும் சாய்ந்து உட்கார்ந்து ஒன்றைத் திறந்தார், இணைப்பு வேண்டும் என்றது. இன்னொன்று, அதுவும் இணைப்பு வேண்டும் என்றது. அவருடைய நூலகத்தில் தெரிந்தது எல்லாம் அட்டைப்படங்கள் மட்டும்தான், புத்தகங்கள் மேகத்தில் பத்திரமாக இருந்தன. இறக்கியது இரண்டே இரண்டு, ஒன்று பங்குச்சந்தை பற்றி, இன்னொன்று ஏற்கெனவே வாசித்தது. இப்போது பங்குச்சந்தையோடு படுத்திருக்கிறார்.

நான் ஏற்றியது அளவாகத்தான். போகிற வழிக்கு ஏற்ற வாசிப்பு என்று ஒரு யோசனை. மலாக்கா நீரிணை வழியாகப் போகிறோம், இது நம் ஆட்கள் பாய்மரத்திலும் பிறகு நீராவிக் கப்பலிலும் போய்வந்த தண்ணீர். பினாங்குக்கு எதிரே கடாரம் (இன்றைய கெடா), புக்கெட்டுக்கு வடக்கே தக்கோலம், இரண்டும் ராஜேந்திர சோழன் படை வென்றதாகச் சொல்லும் இடங்கள். அதனால் பட்டினப்பாலை உரையோடு, ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்பு பற்றிய கட்டுரைகள், சென்னையிலிருந்து இந்தப் பக்கம் ஓடிய பயணிகள் கப்பல்களைப் பற்றி இணையத்தில் கிடைத்தவற்றைக் கருவிக்கு அனுப்பி வைத்தவை. அத்தைக்காகக் கல்கியின் நாவல் ஒன்று. 1999-இல் அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் அவை எங்கும் இலவசமாகவே கிடைக்கின்றன.

வெளிச்சத்தை வெதுவெதுப்பான மஞ்சளுக்கு மாற்றிப் பட்டினப்பாலை ஐம்பது அடி வாசித்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளி, பினாங்கு

காலை முழுக்கக் கடல், மதியத்துக்கு மேல்தான் பினாங்கு. அதனால் மேல்தளத்துக்குப் போனேன், எட்டு மணிக்கே சாய்வு நாற்காலிகளில் துண்டும் செருப்பும் படுத்திருந்தன, ஆட்கள் சாப்பாட்டுக் கூடத்தில். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் எடுத்துவிடுவோம் என்று பலகை இருக்கிறது, எடுத்ததை நான் பார்க்கவில்லை. நல்ல வாசிப்பிடம் நீச்சல்குளத்தைச் சுற்றி இல்லவே இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துபோயிற்று, அங்கே பாட்டு ஓயாது. உயிர்காக்கும் படகுகள் தொங்குகிற தளத்தில், சுற்றி நடக்கிறவர்களுக்கான பாதையோரம், நிழலில் சில நாற்காலிகள் கிடந்தன. காற்று, கீழே தண்ணீர் பிளக்கும் சத்தம், எப்போதாவது நடைப்பயிற்சிக்காரர் ஒருவர். கப்பலில் ஏறினால் முதலில் இந்தத் தளத்தைத் தேடுங்கள்.

வெயிலில் கைப்பேசித் திரை ஒன்றும் தெரிவதில்லை, மின்மைத் திரையோ வெயில் ஏற ஏறத் தெளிகிறது, அது காகிதம் மாதிரி விழுகிற வெளிச்சத்தைத் திருப்பித்தான் காட்டுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். கண் கூசுவதைத் தடுக்கும் போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கைப்பேசியைச் சாய்த்தால் ஒரு கோணத்தில் திரை முழுக்க இருட்டிவிடும், மின்னூல் கருவியை எப்படித் திருப்பினாலும் அப்படி ஆவதில்லை. ஆனால் நேர்வெயிலில் நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், இந்தக் கருவிகள் 35 டிகிரி வரைக்கும்தான் என்று எழுதியிருப்பார்கள், பினாங்குப் பக்கத்து வெயிலில் கறுப்பு உறை போட்ட கருவி அதைத் தாண்ட எத்தனை நிமிடம் ஆகும்? அப்புறம் சன்ஸ்கிரீன். பூசிய கையோடு பக்கம் புரட்டினால் திரையில் விரல் வழுக்கிய இடமெல்லாம் மங்கல், அதைத் துடைக்கிற துண்டிலும் சன்ஸ்கிரீன்.

பினாங்கு நெருங்கும்போது எல்லோரும் ஒரு பக்கம் ஊரைப் பார்க்க ஓடினார்கள், நான் வடக்குப் பக்கம் போய் நின்றேன். வானம் தெளிவாக இருந்தது. தூரத்தில் கெடாவின் கரையும் அதன்மேல் குனோங் ஜெராய் மலையும், 1,217 மீட்டர், கடலோரச் சமவெளியில் தனியாக எழும்பி நிற்பதால் மாலுமிக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. அந்த மலையடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, செங்கல்லிலும் கல்லிலும் கட்டிய பழைய கோயில்களின் அடித்தளங்களைத் தோண்டியெடுத்து மெர்போக்கில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 1025 வாக்கில் ராஜேந்திரன் படை இந்தக் கடலுக்கு வந்தது, அவன் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி) வென்ற இடங்களை வரிசையாக அடுக்குகிறது, ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம் (நிகோபார்), கடைசியில் கடாரம். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் ஈழத்து உணவோடு காழகத்துப் பொருளும் வந்து இறங்குகிறது, காழகம் என்பது கடாரம்தான் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். நான் கருவியில் அந்த இடத்துக்கு வந்ததும் தலைநிமிர்ந்தால் எதிரே மலை. இதை நான் திட்டமிட்டுத்தான் செய்தேன், நேற்று இரவு ஐம்பது அடியோடு நிறுத்தியதே இதற்காகத்தான். திட்டமிட்டுச் செய்தாலும் சிலிர்த்தது.

கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் கட்டுகிறது, இறங்கினால் ஊர் நடுவிலேயே இறங்கின மாதிரி. டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், நடக்க முடிந்தவர்களுக்குத் தேவையே இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையைத் தாண்டி, லெபோ பசார் வழியாக லிட்டில் இந்தியாவுக்குள் போய், குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833-இல் கட்டியது. அத்தை அம்மனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார். எனக்கு ஜார்ஜ் டவுனில் மிகவும் பிடித்தது அந்தத் தெருக்களின் நெருக்கம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோயில், மாரியம்மன் எல்லாம் நடக்கிற தூரத்தில். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு வண்ணம் அடித்துக் கொஞ்சம் கூடுதலாகவே அழகாக்கிவிட்டார்கள் என்று எனக்குப் படும். நாசி கண்டார் (சோற்றோடு பலவகைக் குழம்பு) சாப்பிட்டோம். குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்லணும், தனித்தனியாகக் கிண்ணத்தில் கேட்டால் அது வேறு சாப்பாடு.

கோயிலில் அத்தைக்கு ஒரு சிநேகிதி கிடைத்தார். எங்கள் கப்பலில்தான் வந்திருக்கிறார், மகன் குடும்பத்தோடு. நாகப்பட்டினம் பக்கம், கல்யாணமாகி முதலில் வந்து இறங்கியது இதே பினாங்கு. "நாகப்பட்டினத்துல எங்க?" என்று அத்தை ஆரம்பித்தார், அப்புறம் இரண்டு பேரையும் கப்பலுக்குக் கூட்டிவருவதே பெரிய பாடாகிவிட்டது.

சனி, புக்கெட்

பெரிய கப்பல் பத்தோங் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு, சிறிய படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். படகு கப்பலோரம் ஏறி இறங்குகிறது, கால் வைக்கிற நேரம் பார்த்து ஊழியர்கள் இரண்டு கையையும் பிடித்து இழுத்து உள்ளே விடுகிறார்கள். அத்தைக்குப் பயம், நாகப்பட்டினத்து அம்மாவுக்குத் துளியும் இல்லை. "நாகையில இப்படித்தானே ஏறினோம், கப்பல் தூரத்துல நிக்கும், படகுல கொண்டுபோயி ஏத்துவாங்க" என்று சொல்லிக்கொண்டே கிடுகிடுவென்று இறங்கிவிட்டார்.

படகு வேகமெடுத்ததும் அலை தெறித்து என் மடி முழுக்க உப்புத்தண்ணீர். பையில் கருவி. பெரும்பாலான புதிய கருவிகளுக்கு, பேப்பர்வொயிட், கோபோ லிப்ரா எல்லாவற்றுக்கும், ஐபிஎக்ஸ்8 என்ற நீர்தாங்கும் தரம் இருக்கிறது, இரண்டு மீட்டர் ஆழ நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்த "நன்னீர்" என்பதைத்தான் யாரும் வாசிப்பதில்லை. கடல் தண்ணீருக்குக் கிண்டில் பேப்பர்வொயிட் விவரத்தில் போட்டிருப்பது கால் மீட்டர் ஆழம், மூன்று நிமிடம், அவ்வளவுதான். உப்புத்தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகுதான் மின்னேற்றணும். நான் படகுத்துறையிலேயே குடிநீர்ப் பாட்டிலைத் திறந்து கருவியின் மேல் ஊற்றினேன், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார். இன்னொரு வேடிக்கை, தொடுதிரைக்கு விரலுக்கும் சொட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு சொட்டு திரையின் வலது ஓரத்தில் விழுந்து மெல்ல வழிய, கண்ணெதிரே பக்கம் புரண்டது, இன்னொன்று புரண்டது, சொட்டு கீழ்விளிம்புக்குப் போய்ச் சேருவதற்குள் சோழர் படை ஸ்ரீவிஜயத்திலிருந்து நிகோபாருக்குப் போய்விட்டது. கடற்கரை, குளக்கரை வாசிப்புக்குப் பக்கம் புரட்டத் தனிப் பொத்தான் உள்ள கருவிதான் சரி. என்னுடையதில் பொத்தான் இல்லை.

பத்தோங் கடற்கரையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மணல் நன்றாக இருக்கிறது, கூட்டம், இரைச்சல், பையனுக்குப் பிடித்தது. நான் குடைக்கு அடியில் தக்கோலத்துக்குப் போனேன். மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இங்கிருந்து வடக்கே, நூறு கிலோமீட்டருக்கு மேல், பாங்கா மாநிலத்தில் உள்ள தகுவா பா என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தப் பகுதியில் ஒரு தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டு, அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவும் மற்றவர்களும் காக்கும்படி விட்டதைச் சொல்கிறது. அவனிநாரணன் மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். ராஜேந்திரன் படை வருவதற்கு ஏறத்தாழ இருநூறு வருடத்துக்கு முன்பே வியாபாரிகள் வந்து தங்கி, குளமும் வெட்டியிருக்கிறார்கள். படையெடுப்பைப் பற்றிப் பேச நமக்கு வாய் ஓயாது, குளம் வெட்டியவர்களைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு என்னவோ கடாரம் வென்றதைவிட அந்தக் குளம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஊரில் தண்ணீருக்கு என்ன செய்வார்களோ அதையே கடல் தாண்டி வந்தும் செய்திருக்கிறார்கள்.

கப்பல் நிற்கிற சில மணி நேரத்தில் அங்கே போய்த் திரும்ப முடியாது. தனியாக வரணும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. தாய்லாந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டது. கரையில் கால் வைத்து உள்ளூர் சிக்னல் பிடித்ததும் கைப்பேசிகள் எல்லாம் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டன, கடைசிப் படகு நேரமோ கப்பல் கணக்கில். மின்னூல் கருவி எந்த இணைப்பிலும் இல்லாததால் அது மட்டும் மாறாமல் கப்பல் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் அதைப் பார்த்துத்தான் கிளம்பினோம். கடைசிப் படகுக்கு ஒரு குடும்பம் ஐஸ்கிரீமும் கையுமாக ஓடிவந்ததைப் பார்த்தேன், அவர்கள் கைப்பேசியைப் பார்த்திருப்பார்கள்.

ஞாயிறு, நடுக்கடல்

இன்று நான் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. கருவி என் கையில் இல்லை.

காலையில் அத்தைக்கு நாவலைத் திறந்து கொடுத்தேன். கண்புரை அறுவை செய்தவர், அச்சுப் புத்தகத்தைக் கையில் எடுத்து வருடக்கணக்காகிறது, வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக்கூட யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கினேன், இன்னும் கொஞ்சம் என்றார், இன்னும் கொஞ்சம் என்றார், ஒரு வரியில் மூன்று வார்த்தை நிற்கிற அளவுக்குப் போனதும் "இப்ப தெரியுது" என்றார். இந்த அளவில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. வரியின் இரண்டு ஓரமும் நேராக நிற்கணும் என்று கருவி பிடிவாதம் பிடிக்கும், நம் வினைச்சொற்களோ முக்கால் வரியை அடைக்கிற நீளம், அதனால் சொல்லுக்குச் சொல் நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழும். அமைப்பில் போய் இடது ஓரத்தை மட்டும் நேராக வைக்கச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். பெரியவர்களுக்குக் கொடுப்பதானால் இதைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம் விரல். அத்தை சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, திரையின் ஓரத்தைக் கீழிருந்து மேலாக நெம்புகிறார், காகிதம் புரட்டுகிற மாதிரியே. பக்கம் புரளவும் செய்கிறது, சில சமயம் இரண்டு பக்கம். தொட்டால் போதும் அத்தை, எச்சில் வேண்டாம் என்று சொன்னேன். சரி சரி என்றார், அடுத்த பக்கத்துக்கு விரல் நாக்குக்குப் போனது. நாலு பக்கத்துக்கு ஒருமுறை புடவைத் தலைப்பால் திரையைத் துடைக்கிறார், அந்தத் துடைப்பிலும் பக்கம் புரண்டு, "எங்கடீ போச்சு?" என்று என்னைக் கூப்பிடுகிறார். பொத்தான் உள்ள கருவிக்கு இன்னொரு காரணம்.

பதினொரு மணிக்கு நாகப்பட்டினத்து அம்மா வந்து சேர்ந்தார். படகுத் தளத்து நிழலில் நான் கண்டுபிடித்த நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள், அத்தை வாசிக்க அந்த அம்மா கேட்க, பிறகு மாறிமாறி, நடுவில் கதையை நிறுத்திவிட்டுச் சொந்தக் கதை. அவர் 1976-இல் வந்தது எம்.வி. சிதம்பரம் கப்பலில். என் கருவியில் இருந்த கட்டுரைகளில் ஒன்று அந்தக் கப்பலைப் பற்றியதுதான், நான் அவரிடம் காட்டியதும் நாவல் கொஞ்ச நேரம் மூலைக்குப் போயிற்று. 1926-இல் கட்டிய ரஜூலா என்ற கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்று ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடித் தேய்ந்து ஓய்ந்தது, 1970-களில் அந்த இடத்தைப் பிடித்தது சிதம்பரம், அதற்கு முன் பாஸ்டர் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள், அதோடு இந்த வழியில் நம்மூர்ப் பயணிகள் கப்பலும் முடிந்தது.

தீப்பிடித்த செய்தி வந்தபோது தெரிந்தவர்கள் யாராவது இருந்திருப்பார்களோ என்று பினாங்கில் வீடு வீடாகப் போய் விசாரித்துக்கொண்டார்களாம். அந்த அம்மா அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு தன் பயணத்தைப் பற்றிச் சொன்னார், கீழ்த்தட்டில் பாய் விரித்து இடம் பிடித்தது, மூன்று நாள் வாந்தி, யாரோ கொடுத்த எலுமிச்சை ஊறுகாய், பெட்டி நிறைய அப்பளமும் மஞ்சளும், மாமியாருக்குக் கொடுக்க வெற்றிலைப்பெட்டி. "வாசிக்கிறதுக்கு ஏதாச்சும் கொண்டுவந்தீங்களா?" என்று நான் கேட்டேன். "நல்லா கேட்டே போ. வீட்டுக்காரர் லெட்டர் நாலு, அதையே திருப்பித் திருப்பி" என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மதியம் சும்மா இருக்கப் பிடிக்காமல் கப்பலின் நூலகத்தைத் தேடிப் போனேன். நூலகம் என்று வரைபடத்தில் போட்ட இடத்தில் சீட்டாட்ட மேசைகளும், சுவரோரம் யார் யாரோ விட்டுப்போன ஆங்கில, சீனத் துப்பறியும் கதைகளும்தான். தமிழ் ஒன்றுமில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. கப்பலில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தால், ஒரு தட்டு வைக்கலாம்தான்.

கப்பலில் எங்கே திரும்பினாலும் உங்களை ஏதாவது ஒன்றுக்கு இழுத்துக்கொண்டே இருப்பார்கள், நாலு மணிக்கு நடனப் பயிற்சி, ஐந்துக்கு ஏலம், ஆறுக்குக் கைக்கடிகாரம் தள்ளுபடி, ஒலிபெருக்கியில் அறிவிப்பு மேல் அறிவிப்பு. அந்த இரண்டு கிழவிகளையும் ஒருவராலும் அசைக்க முடியவில்லை. தேநீருக்குக்கூட எழுந்திருக்காமல் என்னை எடுத்துவரச் சொன்னார்கள். வீட்டுக்காரர் பங்குச்சந்தையை முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் அங்கே வந்து உட்கார்ந்து கதை கேட்டார்.

திங்கள், வீட்டில்

அதிகாலையிலேயே சிங்கப்பூர் விளக்குகள். நீரிணை இங்கேதான் மிகவும் ஒடுங்குகிறது, ஓரிடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு, சரக்குக் கப்பல்கள் முன்னும் பின்னும் வரிசை கட்டி நின்றன. பெட்டிகளை நேற்று இரவே அறை வாசலில் வைத்துவிட்டதால் கையில் பை மட்டும், குடிநுழைவில் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

வரிசையில் நாகப்பட்டினத்து அம்மா மகனைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார், "இந்தப் பொண்ணுகிட்ட கேட்டு எழுதிக்கோ" என்று. ஏழு அங்குலத் திரை, பக்கம் புரட்டப் பொத்தான், தண்ணீர் தாங்கும் தரம், மஞ்சள் வெளிச்சம், நினைவகம் குறைந்தபட்சமே போதும், தமிழ் நூல்கள் இடத்தை அடைப்பதில்லை என்று சொன்னேன். அவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். தினசரி பேப்பர் இதில் வருமா என்று அந்த அம்மா கேட்டார். காலையில் மகன் கட்டுரைகளை அனுப்பி வைத்தால் வரும் என்றேன். "இவனா?" என்று மகனை ஒரு பார்வை பார்த்தார்.

அத்தை நாவலில் நாற்பத்திரண்டு சதவீதத்தில் இருக்கிறார், பக்க எண்ணை அவர் நம்புவதில்லை, சதவீதத்தைத்தான் மூலையில் பார்க்கிறார். வியாழக்கிழமை திருச்சி விமானம். கருவியை இங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை, அது அவர் கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே போய்விட்டது. சார்ஜர் வயர் எங்கே என்று இப்போதுதான் கேட்டார். தக்கோலக் குளத்தைப் பற்றி நான் எடுத்த குறிப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன, இன்று இரவே கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளணும். எனக்குப் புதிதாக ஒன்று வாங்கணும், பொத்தானோடு.